பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள்; காலம் கடத்தாதீர்கள்

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகப் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் நாற்றங்கால், தொழி உழவு, வரப்பு வெட்டு என்று வேலை நெருக்கும். வயலில் தண்ணீர் ஏறியதும் எலி வரப்புக்கு ஏறும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். நாமும் அதே வரப்பில்தான் நடக்கிறோம். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டவர்களுக்கு வேறு தொல்லை. மொட்டு விரியும் முன் சந்தைக்குப் போக வேண்டும் என்பதால் இருட்டிலேயே செடிக்குள் கை விட வேண்டியிருக்கிறது.

இந்த வரப்பு விஷயம் ஜெனீவா வரை போயிருக்கிறது. உலகம் கவனிக்காமல் விட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில், முதல் வரிசையில், உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டு பாம்புக்கடியைச் சேர்த்தது. 2018 மே மாதம் கூடிய உலக சுகாதாரப் பேரவை இதற்கென்றே தீர்மானம் நிறைவேற்றியது. 2030-க்குள் பாம்புக்கடிச் சாவையும் ஊனத்தையும் பாதியாகக் குறைப்பது என்று 2019-இல் திட்டம் வகுத்தார்கள். உலகெங்கும் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறப்பதாக அந்நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் பெரும் பங்கு நம் நாட்டினுடையது.

இத்தனை நாள் ஏன் கவனிக்கவில்லை? கணக்கில் வராததுதான் காரணம். ஆஸ்பத்திரி ஏட்டில் ஏறிய சாவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பின்னர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர் எப்படி இறந்தார் என்று விசாரித்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வின்படி, 2005-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 46,000 பேர் பாம்பு கடித்து இறந்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் கிராமத்தார். அவர்களில் மருத்துவமனையில் இறந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். மற்றவர்கள் வீட்டிலோ, வழியிலோ, மந்திரிப்பவர் வாசலிலோ உயிர் விட்டவர்கள். எந்த ஏட்டிலும் ஏறாதவர்கள்.

இந்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல் திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் மருத்துவமனையும் இதற்கு விலக்கல்ல. எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எங்கே எவ்வளவு மருந்து வைப்பது என்று தெரியும்.

கடித்தவுடன் செய்ய வேண்டியது

கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டு, பிளேடால் கீறு, வாயால் உறிஞ்சு என்றுதான் நம்மில் பலர் கேட்டு வளர்ந்தோம். மூன்றும் தவறு. இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். விரியன் கடித்து இரத்தம் உறையாத நிலையில் கீறினால் இரத்தம் நிற்காது. யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்க வேண்டாம். மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும்.

கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடக்கூடாது. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றி விடவும். எலும்பு முறிந்தவருக்கு வைப்பதுபோல் கடிபட்ட கால் அல்லது கையோடு ஒரு மூங்கில் பட்டையை வைத்து, துண்டால் தளர்வாகச் சுற்றி அசையாமல் செய்யவும். 108-க்குப் போன் செய்யவும். வண்டி வரத் தாமதமாகும் ஊர் என்றால், மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவே உட்கார வைத்துப் புறப்படலாம். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கியதுண்டு.

பச்சிலையாலும் மந்திரத்தாலும் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கத்தான் செய்வார்கள். சாரை, தண்ணீர்ப் பாம்பு போன்றவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷம் இல்லை. நச்சுப் பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். உலகில் நடக்கும் பாம்புக்கடிகளில் பாதி அல்லது அதற்கும் மேல் விஷம் ஏறாதவை. அவர்கள் எங்கும் போகாமலே பிழைத்திருப்பார்கள். விஷம் ஏறிய மற்றவருக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் உயிர்.

நம் பக்கத்தில் ஆளைக் கொல்பவை பெரும்பாலும் நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குக்கும் ஒரே மருந்துதான். நரம்பில் ஏற்றுவார்கள். அரசு மருத்துவமனையில் காசு இல்லை. விரியன் கடியா என்று பார்க்கக் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். "சும்மா வைத்திருக்கிறார்களே" என்று அப்போது சத்தம் போட வேண்டாம்.

இந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவதில் பெரும் பங்கு சென்னை அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துடையது. அவர்கள் எடுத்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து தயாராகிறது. பாம்பு பிடிப்பதில் இவர்களுக்குள்ள திறமைக்காக 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கட்டு விரியன் விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது

இது இரவில் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலியும் இராது, வீக்கமும் இராது; பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார்கள். வாயுக் கோளாறு என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு அடைக்கும். தரையில் படுத்தவருக்கு விடிகாலையில் வயிற்று வலியோடு கண் சொருகினால், பாம்பைக் காணாவிட்டாலும் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகவும். செயற்கை மூச்சுக் கருவி இருந்தால் பிழைக்க வைக்கலாம்.

கட்டிலில் படுப்பது நல்லது. கட்டில் இல்லாவிட்டால் கொசு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுக்கவும். கொசுவும் வராது, கட்டு விரியனும் வராது. நெல் மூட்டையும் கோழிக் கூண்டும் படுக்கும் இடத்தில் வேண்டாம். மும்முனை மின்சாரம் இரவில்தான் வரும் ஊர்களில் மோட்டார் போடப் போகாமல் இருக்க முடியாது. டார்ச் விளக்கும் கணுக்காலை மூடும் ரப்பர் பூட்ஸும் இல்லாமல் மட்டும் போக வேண்டாம். வைக்கோல் படப்பில் கை விடுமுன் கம்பால் தட்டவும். சேற்றில் நடவுக்குப் பூட்ஸ் சரிப்படாது என்பது உண்மைதான். ஆனால் களத்திலும் கரும்புத் தோட்டத்திலும் அந்தச் சாக்கு செல்லாது.

கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர் வீடு திரும்பிய பிறகும் சிறுநீர் போகும் அளவைக் கவனித்து வர வேண்டும். குறைந்தாலோ, முகம் வீங்கினாலோ சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப் போடாமல், சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கே அன்றைக்கே திரும்பிச் செல்லவும். கொடுத்த சீட்டையும் கையோடு எடுத்துப் போகவும்.