நிலம் எடுக்க நோட்டீஸ் வந்தால்...
(இந்த மாதப் பாடம்: விமான நிலைய வழக்குகளில் இருந்து நாம் தெரிந்துகொள்வது)



"விமான நிலையம் கீழே கமலாபுரத்துல இருக்கு. மலை மேல மாரமங்கலத்துல இருக்கிற நமக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். விமான நிலையமோ, ரோடோ, எதற்காக நிலம் எடுத்தாலும் நாம் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

சேலத்தில் நடந்தது

சேலம் விமான நிலையம் 1993-ல் திறக்கப்பட்டது. 2018-ல் அதைப் பெரிதாக்க, கமலாபுரம், சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிப்பாடி ஆகிய 4 ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கத் திட்டம் வந்தது. விவசாயக் குடும்பங்கள் எதிர்த்தன. "கோர்ட்டுக்குப் போனா நின்னுடுமா?" என்ற கேள்வி அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது.

கோர்ட் எதைப் பார்க்கும்?

விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்று கோர்ட் பெரும்பாலும் முடிவு செய்வதில்லை. சட்டப்படி செய்தார்களா என்றுதான் பார்க்கும்.

கோவா மாநிலத்தில் மோபா என்ற ஊரில் புது விமான நிலையம் கட்டினார்கள். பக்கத்தில் உள்ள காப்புக்காடு போன்ற விவரங்களை விண்ணப்பத்தில் சரியாகச் சொல்லவில்லை என்று வழக்கு வந்தது. 2019 மார்ச் 29-ல் சுப்ரீம் கோர்ட் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்து, மறுபடி ஆராயச் சொன்னது. ஆராய்ந்து கூடுதல் நிபந்தனைகள் போட்ட பிறகு, 2020 ஜனவரியில் தடை நீங்கியது. 2022 டிசம்பரில் விமான நிலையமும் திறந்தாச்சு. வழக்கால் திட்டம் நிற்கவில்லை. ஆனால் மறைத்தது வெளியே வந்தது, நிபந்தனை கூடியது.

பட்டாவில் யார் பெயர்?

நம்ம சேலத்து எட்டு வழிச்சாலை வழக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை ஹைகோர்ட் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட், அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் முதல் அறிவிப்பு வந்ததுமே வருவாய்க் கணக்கில் பெயரை மாற்றியது தப்பு, உரியவர் பெயருக்கே திருப்பி எழுத வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே நோட்டீஸ் வந்த பிறகும் பட்டா, சிட்டாவை அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.

எந்தச் சட்டம் என்று பாருங்கள்

2013-ம் வருட மத்திய சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு. கிராம சபையைக் கலந்து பேச வேண்டும். தொழில் தேவைக்கு நிலம் எடுக்கும் தமிழ்நாட்டின் 1997 சட்டத்தில் இந்த மதிப்பீடு கிடையாது. இந்தச் சட்டம் செல்லாது என்று 2019 ஜூலையில் ஹைகோர்ட் சொன்னது. அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. அதனால் நோட்டீஸில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதை முதலில் படியுங்கள்.

பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது

2013 சட்டப்படி நிலம் உள்ளவர் மட்டும் பாதிக்கப்பட்டவர் அல்ல. அங்கே 3 வருடமாக வேலை செய்து அதையே நம்பிப் பிழைக்கும் விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரம் செய்பவர் குடும்பங்களும் கணக்கில் வரும். விதவை, விவாகரத்து ஆனவர், குடும்பத்தாரால் கைவிடப்பட்ட பெண் ஆகியோர் தனித்தனிக் குடும்பம். "அண்ணன் வீட்டோட சேர்த்து எழுதிட்டோம்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், தனியாக எழுதச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

1. நோட்டீஸில் உள்ள தேதி, சர்வே நம்பர், ஆட்சேபணைக் கெடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2013 சட்டத்தில் முதல்நிலை அறிவிப்பில் இருந்து 60 நாள் கெடு.
2. வாயால் சொன்னால் போதாது. கலெக்டருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். நேரில் விசாரிக்கவும் கேளுங்கள்.
3. கிராம சபையில் பேசி, தீர்மானமாக எழுத வையுங்கள். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்கள் 2022-ல் இருந்து பலமுறை இப்படித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.
4. இழப்பீடு குறைவு என்று நினைத்தால், "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதிவிட்டுப் பணம் வாங்குங்கள். எழுதாமல் வாங்கினால் 2013 சட்டப்படி கூடுதல் தொகை கேட்க முடியாது.
5. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். போன்: 15100.

குழுவில் பேசுங்கள்

- நம் குழுவில் எத்தனை பேர் பெயரில் பட்டா இருக்கிறது?
- பட்டா இல்லாமல் அனுபவத்தில் நிலம் வைத்திருப்பவர் யார்? அதற்கு என்ன ஆதாரம் கையில் இருக்கிறது?
- நம்மில் தனிக் குடும்பமாக எழுதப்பட வேண்டிய பெண்கள் யார் யார்?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஊக்குநர் கொண்டு வரவும். நோட்டீஸ் வந்த பிறகு கெடு ஓட ஆரம்பித்துவிடும். காகிதத்தை இப்போதே சரி பண்ணி வைப்போம்.