முதல் பிரஸ் மெதுவானதாக இருக்கட்டும்: வீட்டில் தோட்டா மறுநிரப்பத் தொடங்குகிறவருக்கு

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் போட்டியாகவோ பொழுதுபோக்காகவோ கொண்டவர்களில் பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் குப்பையில் போடுவதில்லை. அதைச் சீர்செய்து, தீமூட்டும் புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி சுடுகிறார்கள். ரீலோடிங் என்று அழைக்கப்படும் இந்த வேலையைச் சொந்த உபயோகத்துக்குச் செய்ய அந்நாட்டு மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பதற்காகச் செய்தால் உரிமம் கட்டாயம். மாநில விதிகளும் ஊரின் தீத்தடுப்பு விதிகளும் தனி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இக்கட்டுரை அமெரிக்காவில் வாழ்ந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவருக்கானது. அவருக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் தொடங்குங்கள். கடைக்காரரும் நண்பர்களும் வேகமான இயந்திரத்தைக் காட்டுவார்கள். ஆனாலும் மெதுவானதையே வாங்குங்கள்.

காரணம், இந்த வேலையின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. மேசைமேல் மருந்து தீப்பிடித்துவிடுமோ என்றுதான் புதியவர் பயப்படுவார். சிகரெட்டும் தீப்பொறியும் அருகில் வராதவரை அந்தப் பயம் பெரிதல்ல. உண்மையான ஆபத்து கணக்குத் தவறுவதில் இருக்கிறது. .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1898 வாக்கில், கருப்பு வெடிமருந்துக் காலத்தின் கடைசியில் வந்தது. அந்த மருந்து நிறைய இடம் பிடிக்கும் என்பதால் கூடு நீளமாக அமைந்தது. இன்றைய புகையில்லா மருந்து அதே வேலையைச் சில கிரெயின் எடையில் செய்துவிடுகிறது. கூட்டின் அடியில் கொஞ்சம்தான் தெரியும். அதன்மேல் கவனக்குறைவாக இன்னொரு அளவு விழுந்தாலும் வழியாது, குண்டும் இடிக்காமல் உட்கார்ந்துவிடும். இந்தத் தோட்டாவுக்கு சாமி என்ற அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு வகுத்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இரட்டை மருந்து அதை வெகுதூரம் தாண்டிச் சிலிண்டரைப் பிளக்கவும் கூடும். மருந்தே விழாத தோட்டாவும் அதே அளவு கெடுதி: பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழாயின் நடுவில் கொண்டுபோய்ச் சிக்கவைக்கும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கக்கூடும்.

இரண்டு தவறும் கண்ணால் பார்த்தால் தெரிகிற தவறுகள். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் வேலை தொகுதியாக நடக்கிறது. ஐம்பது கூடுகளும் துளைத்தட்டில் வரிசையாக நிற்கும். ஐம்பதிலும் மருந்து போட்ட பிறகுதான் முதல் குண்டை எடுப்பீர்கள். இடையில், டார்ச் வெளிச்சத்தில் ஐம்பது வாய்களையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். உயரமாக நிற்பதும் காலியாக நிற்பதும் உடனே கண்ணில் படும். புரோகிரசிவ் இயந்திரத்திலோ ஒவ்வொரு இழுப்புக்கும் நான்கைந்து வேலைகள் ஒரே நேரத்தில், வெவ்வேறு கூடுகளில் நடக்கின்றன. ஒரு கூடு சிக்கி, அதை எடுத்துச் சரிசெய்து மீண்டும் வைக்கும்போது, மருந்து ஏற்கெனவே விழுந்ததா என்ற கேள்வி எழுகிறது. அனுபவசாலி இயந்திரத்திலுள்ள கூடுகள் எல்லாவற்றையும் காலிசெய்துவிட்டு மறுபடி தொடங்குவார். புதியவர் ஊகிப்பார்.

மணிக்கு நானூறு ஐந்நூறு செய்யும் இயந்திரத்தை விட்டு ஐம்பது நூறு செய்வதா, மருந்தின் அளவைக் கண்காணிக்கும் கருவிகள்தான் வந்துவிட்டனவே என்று கேட்பவர்கள் உண்டு. போட்டிக்காக மாதம் ஆயிரக்கணக்கில் சுடுகிறவருக்கு அந்த வாதம் பொருந்தும். ஆனால் கண்காணிப்புக் கருவி எதைத் தேட வேண்டும் என்பதை அறிந்தவருக்கே அது உதவும். முடிந்த தோட்டாக்களை எடைபோட்டுத் தவறைப் பிடிக்கலாம் என்ற யோசனையும் நிற்காது. கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு உள்ள எடை வேறுபாடே சில கிரெயின் மருந்தை மறைத்துவிடும். மெதுவான பிரஸ் பின்னாளில் வீணாவதும் இல்லை. ரைஃபிள் தோட்டாவுக்கும் சோதனைத் தொகுதிகளுக்கும் அனுபவசாலிகளின் மேசையிலும் அது நிலைத்து நிற்கிறது.

பிரஸ்ஸுக்கு முன்பே வாங்க வேண்டியது கையேடு. லைமன், ஹார்னடி, ஸ்பியர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு கையில் இருக்கட்டும்; மருந்து நிறுவனம் வெளியிடும் அட்டவணையோடும் ஒப்பிடுங்கள். உங்கள் குண்டின் எடை, வகை, மருந்தின் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஹாட்ஜன் நிறுவனத்தின் எச்4350, ஐஎம்ஆர் 4350 இரண்டிலும் எண் ஒன்றே. ஆனால் அவை இருவேறு மருந்துகள், ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. கையேடு தரும் தொடக்க அளவிலிருந்து சிறுகச் சிறுக மேலேறுங்கள். வழக்குக்குப் பயந்து அளவைக் குறைத்து எழுதுகிறார்கள் என்று துப்பாக்கிக் கடைகளில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதீர்கள். அந்த எண்கள் ஆய்வகத்தில் உணர்கருவி பொருத்திய குழாயில் அளந்தவை. வீட்டில் உங்களிடம் இருப்பது பிரைமர் தட்டையாகிவிட்டதா என்று பார்க்கும் கண் மட்டுமே, அந்த அடையாளம் பல நேரம் தாமதமாகத்தான் தெரியும். குறைவாகப் போட்டால் எப்போதும் பாதுகாப்பு என்பதும் தவறு. எச்110 என்ற மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டு அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார்.

முதல் தோட்டாவாக .38 ஸ்பெஷலையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மேலே சொன்ன ஆபத்து அதில் இருந்தும் அப்படிச் சொல்கிறேன். கூடு நேரானது, கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை கார்பைடில் இருந்தால் எண்ணெய் தடவ வேண்டாம், அழுத்தம் குறைவாதலால் பித்தளை பலமுறை தாங்கும், ரிவால்வர் கூட்டைப் புல்லில் வீசியெறியாது. 9 மில்லிமீட்டர் கூடு சிறியது. குண்டு கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே அழுத்தம் கடுமையாக ஏறும். .38க்கு மருந்து வாங்கும்போது இரட்டை அளவு போட்டால் கூட்டைவிட்டு வழிகிற பருமனான வகை எது என்று கையேட்டைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இனி மேசைக்கு வரலாம். பிரஸ், டை தொகுதி, கூடு பிடிக்கும் ஷெல்ஹோல்டர், பத்தில் ஒரு கிரெயின் வரை காட்டும் தராசு, அதைச் சரிபார்க்கும் எடைக்கற்கள், காலிப்பர், துளைத்தட்டு, புனல், தவறாகச் செய்ததைப் பிரிக்க ஒரு புல்லர், பாதுகாப்புக் கண்ணாடி: தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் என்றால் தராசு எவ்வளவு நுட்பமானதைப் பிடிக்க வேண்டும் என்பது விளங்கும். மின்விசிறிக் காற்றும் ஏசிக் காற்றும் அதை ஆட்டிவிடும். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். தொலைக்காட்சி, பேச்சுத்துணை, மது மூன்றும் வேண்டாம்.

முதலில் கூடுகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்: விரிசல் விட்டவை, வாய் பிளந்தவை, அலுமினியக் கூடுகள், உள்ளே இரண்டு சிறு துளைகள் தெரியும் பெர்டன் வகை எல்லாம் தனியே போகட்டும். உலர்முறையில் சுத்தம் செய்தால் எழும் தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கும். அதைக் குழந்தைகள் புழங்காத இடத்தில், வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், பிறகு கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். முதல் டை கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்திப் பழைய பிரைமரையும் தள்ளிவிடும். நீளத்தை அளந்து, வரம்பு மீறியதை வெட்டுங்கள். இரண்டாவது டை குண்டு தடையின்றி உட்கார வாயைக் கொஞ்சம் விரிக்கும்; அதிகம் விரித்தால் பித்தளை சீக்கிரம் பிளக்கும். புதிய பிரைமரை அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இறங்கும்வரை அழுத்துங்கள், விரலால் தடவினால் தெரியும். மருந்து போடாத கூடுகள் தட்டில் தலைகீழாகவும் போட்டவை நிமிர்ந்தும் நிற்கட்டும். நடுவில் அழைப்புமணி அடித்தாலும் எங்கே விட்டீர்கள் என்பதைத் தட்டே காட்டும். முதல் பத்துக் கூடுகளின் மருந்தைத் தனித்தனியே எடைபோடுங்கள், பிறகு அவ்வப்போது. டார்ச் பார்வை முடிந்தபின் குண்டைக் கையேடு சொல்லும் மொத்த நீளத்துக்கு இறக்கி, கடைசி டையில் வாயை மெல்ல இறுக்குங்கள். முடிந்ததை உங்கள் ரிவால்வரின் சிலிண்டரில் விட்டுப் பார்க்கும் வேலையை வீட்டில் செய்யாமல் சுடுகளத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தால் காசு மிச்சமாகுமா? 9 மில்லிமீட்டர் மட்டும் சுடுகிறவருக்கு அநேகமாக ஆகாது; தொழிற்சாலை அதைப் பெருமளவில் மலிவாகச் செய்கிறது. .38, .45-70 ரைஃபிள் தோட்டா போன்றவற்றில் மிச்சம் உண்மை, அதுவும் கருவிச் செலவு கழிந்தபின். 2020க்குப் பின் பிரைமர் கிடைக்காமல் பலர் தவித்ததையும் மறக்க வேண்டாம். தன் துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டாவைத் தானே கண்டறியும் விருப்பம் இருப்பவருக்கே இது கட்டுப்படியாகும்.

மருந்தும் பிரைமரும் வாங்கிய டப்பாவிலேயே, பூட்டிய இடத்தில், வெப்பத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்பு நெறிமுறை வீட்டில் 20 பவுண்டுக்கு மேற்பட்ட மருந்துக்குக் கனமான மரப்பெட்டி கேட்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, மருந்து, அளவு, குண்டு, பிரைமர் எழுதி ஒட்டுங்கள். முதல் தொகுதியைச் சுடும்போது வேகமாக அடிக்காமல் ஒவ்வொரு சத்தத்தையும் கேளுங்கள். ஒன்று மந்தமாக ஒலித்தால் அங்கேயே நிறுத்தி, துப்பாக்கியைக் காலிசெய்து, குழாயில் கம்பி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும்.