தணலும் பூரணமும்

தடித்த மாட்டிறைச்சித் துண்டைக் கரித் தணலில் வாட்டி, உட்புறம் செந்நிறம் மாறாமலே உண்பது அமெரிக்கரிடையே பரவலான வழக்கம். ஸ்டேக் என்பது அதன் பெயர். இப்படி அரைவேக்காட்டில் உண்பது எவ்வாறு தகும் என்று நம் சங்க நண்பர்கள் வினவுவதுண்டு. சிதையாத தசைக்குள் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. அறுக்கும்போது வந்து ஒட்டுபவை மேற்பரப்பிலேயே தங்கி, தணலின் வெம்மை பட்டதும் மாய்கின்றன.

அதே துண்டைக் கத்தியால் பைபோலக் கீறி, பாலாடைக்கட்டி, ரொட்டித்தூள், காளான் முதலியவற்றைப் பூரணமாக வைத்து வாட்டுவாரும் உளர். அங்கே நிலைமை தலைகீழ். மேலிருந்த கிருமி கத்தியோடு உள்ளே புகுகிறது. பூரணமோ ஈரமும் சத்தும் நிறைந்தது. வெப்பம் கடைசியாகச் சென்றடையும் இடமும் அதுவே. நம் கொழுக்கட்டைக்கு இந்த அச்சமில்லை. அதன் மேல்மாவு மெல்லியது, பூரணமும் முன்னரே வெந்தது.

கடத்தலால் வெப்பம் உட்செல்லும் நேரம் தடிப்பின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தடிப்பு இருமடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மேற்புறம் மட்டும் விரைவில் 140 பாகை செல்சியஸை எட்டிப் பழுப்பேறி மணம் வீசும். பிரெஞ்சு வேதியியலறிஞர் மயார் 1912இல் விவரித்த வினை இது. அந்த நிறத்தை நம்பி இறக்கினால், நடுவிலுள்ள பூரணம் வெதுவெதுப்பாகவே இருக்கக் கூடும்! முழுத்துண்டுக்கு 63 பாகையும் 3 நிமிட ஓய்வும் போதும் என்னும் அமெரிக்க வேளாண்மைத் துறை, பூரணம் வைத்ததற்கு 74 பாகை கேட்பது இதனால்தான்.

ஆகவே வீட்டில் செய்வோர் கரியை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்குக. முன்னரே வதக்கிய பூரணத்தைச் சூடு ஆறுமுன், திணிக்காமல் அளவாக வைத்து, வாயை நூலால் கட்டி உடனே தணலில் இடுக. இருபுறமும் நிறம் ஏறியதும் கரியில்லாத பக்கத்துக்கு நகர்த்தி மூடிவிடுக. வெப்பமானியின் முனை பூரணத்தின் நடுவில் நிற்கவேண்டும். ஆய்வுக்கூடத்தில் அக்கருவியின்றி ஓர் அடி எடுத்துவைக்காத நாம், சமையலறையில் மட்டும் கண்ணளவை நம்பிவிடுகிறோம்.

நடுவில் 74 பாகை ஏறுவதற்குள் சுற்றியுள்ள இறைச்சியின் செந்நிறம் மறைந்துவிடும். அச்செம்மையை விரும்புவோர் பூரணத்தைத் தனியே சமைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அதுவே மேலாகத் தோன்றுகிறது.