ஆப்கான் மாணவியரின் உயர்கல்வியும் வணிகராகிய நம் கடமையும்



கடை நடத்தும் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சரக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலும், அது எங்கிருந்து வருகிறது, வழியில் எத்தனை கை மாறுகிறது, நம்மிடம் வந்து சேர என்ன அடக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவோம். தர்ம காரியத்திலும் இப்படியே விசாரித்து இறங்க வேண்டும் என்பது நமது கருத்து. நாட்டை இழந்த ஆப்கான் மாணவர்களுக்கும், சிறப்பாகப் பெண்களுக்கும், உயர்கல்விக்கு உதவ வேண்டும் என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி எழுகிறது. ஆகவே அக்காரியத்தின் வரலாற்றையும் வழிகளையும் முதலில் தெரிந்துகொள்வோம்.

நடந்தது என்ன?

ஆப்கானிஸ்தானத்தில் பெண் கல்வி நேற்றுத் தோன்றியதன்று. அமானுல்லா மன்னர் காலத்தில், 1921-ஆம் ஆண்டிலேயே, அரசி சுரையா காபூல் நகரில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நிறுவினார். 1928-இல் 15 பெண்கள் மேற்படிப்புக்காகத் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் போரும் குழப்பமும் வந்து பலவற்றை அழித்தன. 2001-ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்கல்விக் கூடங்களில் இருந்த பெண்கள் ஏறத்தாழ 5,000 பேர். 2021-இல் அத்தொகை 1,00,000-ஐத் தாண்டியிருந்தது என்று ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ கணக்கிட்டுள்ளது. இருபது ஆண்டில் இருபது மடங்கு!

2021 ஆகஸ்ட் 15-ஆம் நாள் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றினர். அடுத்த மாதம் பள்ளிகள் திறந்தபோது ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் அழைக்கப்படவில்லை. 2022 மார்ச் 23-ஆம் நாள் உயர்நிலைப் பள்ளிகள் திறக்கப்படும் என்று அறிவித்துவிட்டு, பிள்ளைகள் புத்தகப் பையுடன் வந்து நின்ற அன்று காலையே அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றனர். 2022 டிசம்பர் 20-ஆம் நாள் பல்கலைக்கழகக் கதவும் பெண்களுக்கு மூடப்பட்டது. எஞ்சியிருந்தது மருத்துவச்சி, தாதியர் பயிற்சி ஒன்றே. 2024 டிசம்பரில் அதையும் நிறுத்தினர்.

இந்தக் கடைசித் தடையைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பிள்ளைப்பேற்றில் தாய்மார் இறப்பது மிக அதிகமாயுள்ள நாடுகளில் ஆப்கானிஸ்தானமும் ஒன்று. பெண்ணைப் பெண்ணே பார்க்க வேண்டும் என்பார்கள். பார்க்கத் தெரிந்த பெண்ணையும் உருவாக விடமாட்டார்கள் என்றால், நோவெடுத்த தாய் யாரிடம் போவாள்? படிப்பைத் தடுப்பது படிப்போடு நிற்பதில்லை. அது உயிரிலும் போய் முடிகிறது.

மார்க்கம் இதற்குக் காரணமா?

அயல் சமூகத்தார் நம் கடைக்கு வந்து, "உங்கள் மார்க்கம் இப்படித்தான் சொல்கிறதா?" என்று கேட்கும்போது, விடை தெரியாமல் தலை குனிய வேண்டியதில்லை. பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் கட்டளையே ஓதுவதைப் பற்றியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சஹாபாக்கள் மார்க்க விளக்கம் கேட்டறிந்தார்கள் என்பதை மதரஸாவின் கீழ் வகுப்பிலேயே நாம் படித்திருக்கிறோம். மொராக்கோ நாட்டின் பாஸ் நகரில் உள்ள கரவிய்யீன் கல்விக்கூடம், 859-ஆம் ஆண்டில் பாத்திமா அல் பிஹ்ரி என்ற பெண்மணி நிறுவிய பள்ளிவாசலிலிருந்து வளர்ந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அப்பெண்மணி ஒரு வணிகரின் மகள். தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைத்தான் அதற்குக் கொடுத்தார் என்பதை வணிகராகிய நாம் மறக்கலாகாது.

பழங்கதை வேண்டாம், இன்றைய உலமாக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், அதற்கும் விடை உண்டு. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத் தடை வந்த சில நாட்களிலேயே, எகிப்தின் அல் அஸ்ஹர் கலாபீடத் தலைவர் ஷெய்கு அஹ்மத் அத்தய்யிப் அவர்கள், இத்தடை இஸ்லாமிய ஷரீஅத்துக்கு முரணானது என்று வெளிப்படையாக அறிவித்தார். இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பும், சவுதி அரேபியா, கத்தார், துருக்கி முதலிய நாடுகளும் ஆட்சேபம் தெரிவித்தன. 2025 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் முஸ்லிம் சமூகங்களின் பெண் கல்வி பற்றிய மாநாடு ஒன்று கூடியது. ஆகவே இத்தடை ஒரு கூட்டத்தாரின் கட்டளை. அதை மார்க்கத்தின் தலையில் ஏற்றுவது நியாயமன்று.

உதவி எவ்வெவ்வழியில் போகிறது?

இதுவரை நடந்த முயற்சிகளில் சிலவற்றைப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

முதலாவது, வங்காள தேசத்தின் சிட்டகாங் நகரில் 2008 முதல் நடைபெறும் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம். பெருந்தொற்றின் காரணமாகத் தாய்நாடு திரும்பியிருந்த அதன் ஆப்கான் மாணவியரும் முன்னாள் மாணவியருமாக 148 பேர், 2021 ஆகஸ்டில் பேருந்துகளில் காபூல் விமான நிலையத்துக்குப் போய், நெடுநேரம் காத்திருந்து, திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் முயன்று வெளியேறினர். யார் யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எந்தத் தாள் வேண்டும் என்பதை அப்பல்கலைக்கழகம் அறிந்திருந்ததே பெருந்துணையாயிற்று.

இரண்டாவது, பிரிட்டனில் ஸ்காட்லாந்து. அங்குப் பிறந்த லிண்டா நார்குரோவ் என்ற பெண்மணி ஆப்கானிஸ்தானத்தில் மக்கள் பணியாற்றி வருகையில் கடத்தப்பட்டு 2010-இல் மாண்டார். அவருடைய பெற்றோர் அந்நாட்டின் மீது பகை கொள்ளவில்லை. மகள் பெயரில் ஓர் அறநிதி தொடங்கி, ஆப்கான் பெண்களின் படிப்புக்கே உதவி வந்தனர். படிப்பு பாதியில் நின்றுபோன மருத்துவ மாணவியர் 19 பேரை, நெடுங்கால முயற்சிக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக்கு வரவழைத்து அங்குள்ள பல்கலைக்கழகங்களில் சேர்த்தனர். அந்நிதி பெரிய அரசாங்கத்தின் நிதியன்று. மகளை இழந்த ஒரு தாய் தந்தையர் விடாப்பிடியாகச் செய்த வேலை அது.

மூன்றாவது, துபாய். கலஃப் அல் ஹப்தூர் என்ற பெருவணிகர், துபாய் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 100 ஆப்கான் மாணவியருக்கு உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்தார். இடமும் தங்குமிடமும் பயணமும் ஏற்பாடாகிவிட்டன. 2023 ஆகஸ்டில் விமானம் ஏற வந்த சுமார் 60 பெண்களைக் காபூல் விமான நிலையத்தில் அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். ஆண் துணையோடு வந்தவரையும் விடவில்லை என்று ஒரு மாணவி கூறிய செய்தியை அவரே வெளியிட்டார். பணம் இருந்தும் பாதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

நான்காவது, ஓமான். அமெரிக்க அரசாங்கத்தின் உதவித்தொகையில் அங்குப் படித்துவந்த 80-க்கும் மேற்பட்ட ஆப்கான் மாணவியர், 2025-இன் தொடக்கத்தில் அந்த அரசாங்கம் வெளிநாட்டு உதவிகளை வெட்டியபோது, உதவி நின்றுவிட்டது, ஊர் திரும்ப வேண்டியிருக்கும் என்ற செய்தியைக் கேட்டுக் கலங்கினர். ஒரே மொத்த வியாபாரியை நம்பிக் கடை வைத்தவன் கதி என்னவென்று நமக்குத் தெரியும். தர்மத்திலும் அதே கதைதான்.

நாட்டுக்குள்ளிருந்து வெளியே வர முடியாதோர் ஒரு பக்கம் இருக்க, ஏற்கெனவே வெளியேறியோர் மறு பக்கம் இருக்கிறார்கள். பெரும்பாலோர் இருப்பது ஈரானிலும் பாகிஸ்தானிலும். 2023 நவம்பர் முதல் பாகிஸ்தானும், அதன் பின் மிகுதியாக 2025-இல் ஈரானும், இலட்சக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பின. அவர்களில் படித்துக்கொண்டிருந்த பெண் பிள்ளைக்குத் திரும்புவது என்றால் படிப்பு முடிந்தது என்றே பொருள்.

அகதிகள் இருக்கும் நாட்டிலேயே பல்கலைக்கழகத்தில் படிக்க, ஜெர்மனி அரசாங்கத்தின் பொருளுதவியுடன் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் 1992 முதல் 'டாஃபி' என்னும் திட்டத்தை நடத்தி வருகிறது. இருந்தும், 2023-ஆம் ஆண்டு நிலவரப்படி உலக அகதி இளைஞரில் நூற்றுக்கு 7 பேரே உயர்கல்வியில் இருந்தனர். உலகப் பொதுவில் இது நூற்றுக்குச் சுமார் 40. இதனை 2030-க்குள் 15-ஆக உயர்த்த வேண்டும் என்பது ஆணையத்தின் இலட்சியம்.

நம் அருகிலேயே

இதெல்லாம் தூரத்துச் செய்தி என்று எண்ண வேண்டாம். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திடவில்லை. மலேசியாவில் ஆணையத்தின் அட்டை பெற்று வாழ்வோரில் ஆப்கானியரும் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளிகளில் இடமில்லை. சமூகத்தார் நடத்தும் சிறு பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவ்வாறு படித்துத் தேறியவரை ஏற்றுக்கொள்ளும் தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சில இந்நாட்டிலேயே இருக்கின்றன. ஆனால் தேர்வுக் கட்டணம், படிப்புக் கட்டணம், பஸ் கூலி இம்மூன்றும் தடையாக நிற்கின்றன. அலோர் ஸ்டாரில் ஒரு வணிகப் பிரமுகரின் அறநிதி நடத்தும் அல்புகாரி பன்னாட்டுப் பல்கலைக்கழகம், பல நாட்டு ஏழை மாணவருக்குக் கல்வி அளித்து வருகிறது. வணிகன் மனம் வைத்தால் கல்விக்கூடமே எழுப்பலாம் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கவை

"நம் பிள்ளைகளுக்கே உபகாரச் சம்பளம் போதவில்லையே!" என்று சில அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் பிள்ளைகளின் நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்க வேண்டாம். இதற்கு வேறு பேரேடு, வேறு கணக்கு வைப்போம். நம் முன்னோர் நாகூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறி இக்கரை வந்தபோது, முன்னே வந்தவர் கடைத் திண்ணையில் படுக்க இடமும் ஒரு வேளைச் சோறும் கொடுத்துத்தான் கால் ஊன்றினார்கள். அவர்களுக்காவது திரும்பிப் போக ஊர் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆகவே பின்வருவனவற்றைச் சங்கத்தாரின் யோசனைக்கு வைக்கிறோம்.

1. பலருக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பதைவிட, ஒரு மாணவியை ஏற்று முழுப் படிப்பும் முடிய உதவுவது மேல். நான்கு ஆண்டு என்று சொன்னால், நான்காம் ஆண்டின் பணமும் கண்ணுக்குத் தெரிந்த பிறகே முதல் ஆண்டுக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். பாதியில் விடுவது, தொடங்காமல் இருப்பதைவிடக் கொடியது.

2. ஒருவர் தலையில் முழுச் சுமையும் வேண்டாம். பத்துக் கடைக்காரர் சேர்ந்து மாதச் சந்தா கட்டுவோம். ஒருவருக்கு வியாபாரம் நொடித்தாலும் மற்ற ஒன்பது பேர் தாங்குவார்கள்.

3. பணத்தைக் கல்லூரிக்கோ, பதிவு பெற்ற நிறுவனத்துக்கோ நேரே செலுத்தி ரசீது பெற வேண்டும். நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டே வசூலிக்க வேண்டும்.

4. கல்விக் கட்டணத்தோடு பஸ் கூலி, புத்தகம், கணினி, தேர்வுக் கட்டணம், சான்றிதழ் மொழிபெயர்ப்பு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில்லறைச் செலவால் நின்ற படிப்புகள் ஏராளம்.

5. ஜக்காத்துப் பணத்தை இதற்குத் தரலாமா என்பதை மாணவியின் நிலைமையைச் சொல்லி உலமாக்களிடம் கேட்டறிய வேண்டும். சதக்காவுக்கு அந்தத் தயக்கமே தேவையில்லை.

6. உதவி பெறும் பெண்ணின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. காபூலில் பெண்கள் பள்ளி நடத்திய ஷபானா பாசிஜ் ரசிக் என்ற அம்மையார், 2021-இல் மாணவியரோடு ருவாண்டா நாட்டுக்குப் பெயருமுன், அவர்களின் குடும்பங்களுக்குத் தீங்கு வரக்கூடாதென்று பள்ளிப் பதிவேடுகளையே தீயிட்டார். அவர் எரித்துக் காத்த பெயர்களை நாம் அச்சிட்டுக் காட்டிக்கொடுக்கலாமா?

மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தவிர வேறு படியேறாதவர் நம்மில் பலர். படிக்க விரும்பியும் கல்லாப்பெட்டி முன் உட்கார நேர்ந்தவர்கள். அந்த ஏக்கத்தின் அளவு நமக்குத் தெரியும். நமக்குக் குறுக்கே நின்றது வறுமை; அப்பெண்களுக்குக் குறுக்கே வறுமையோடு பூட்டிய கதவும் நிற்கிறது. காபூலின் கதவைத் திறக்க நம்மால் ஆகாது. வெளியே வந்து நிற்பவள் திரும்பிப் போகாமல் படித்து முடிக்க நம்மால் ஆகும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி அன்பர்களை வேண்டுகிறோம். வல்ல அல்லாஹ் நம் நிய்யத்தை ஏற்று, நம் பொருளில் பரக்கத்தையும் அப்பிள்ளைகளின் கல்வியில் உயர்வையும் தந்தருள்வானாக, ஆமீன்.