முகாம் வேண்டாம், சம்பளம் கொடுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

பள்ளித் தோழர்கள் சேர்ந்து ஊருக்காகத் திரட்டிய பணத்தை இந்த வருஷம் மனநலத்துக்குக் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் நிறைந்தது. கண் சிகிச்சை முகாம் போல மனநல முகாம் நடத்தலாமா, இல்லை அரசு ஆஸ்பத்திரியில் ஓர் அறை கட்டிக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தை உள்ளூர்ப் பெண் ஒருவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள், குறைந்தது மூன்று வருஷத்துக்கு.

கண்புரையை ஒரே நாளில் எடுத்துவிடலாம். மனச்சிதைவு அப்படிப்பட்டதல்ல. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் பிள்ளை தூங்குவான், சாப்பிடுவான், பேச்சில் தெளிவு வரும். குணமாகிவிட்டது என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாத வீட்டிலும், மருந்து வாங்கப் போய்வர ஒரு நாள் கூலி போகிறதே என்று ஒரு மாதம் தவறும். பிறகு நோய் திரும்பும். முகாமுக்கு வந்த டாக்டர் அப்போது ஊரில் இருக்கமாட்டார்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. சிகிச்சை உரிமை என்று 2017ஆம் வருஷ மனநலச் சட்டம் சொல்கிறது. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். அப்படியிருந்தும், 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரும்பாலான மனநோய்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் சிகிச்சையில் இல்லை என்றே தெரிந்தது. வீட்டு வாசலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நடந்துபோய் வர ஆளில்லை. உங்கள் பணம் போகவேண்டிய இடம் அதுதான்.

புதுக்கோட்டையில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, டாடா கல்வி அறக்கட்டளையின் நிதியுதவியோடு 2010இல் அந்த மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை இறக்கியது. உள்ளே ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. நோயாளி திரைக்கு முன் உட்காருவார், சென்னையிலிருந்து டாக்டர் பேசுவார், மருந்தை அங்கேயே இலவசமாக வாங்கிக்கொண்டு போவார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அந்தப் பஸ்ஸைத்தான் வியப்பார்கள். நான் மதிப்பது, சுற்றுவட்டாரக் கிராமங்களிலேயே ஆளெடுத்துப் பயிற்சி கொடுத்தார்களே, அந்தப் பணியாளர்களை. அவர்கள் இல்லாமல் பஸ் மட்டும் போய் நின்றிருந்தால் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்?

வேறொரு மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஒரு பணியாளரோடு போயிருக்கிறேன். நோயாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரேஷனில் பருப்பு போட்டார்களா, ஆடு குட்டி போட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும் நேரத்தில் மாத்திரை அட்டையை வாங்கி, மிச்சத்தை எண்ணினார். இருக்கவேண்டியதைவிட அதிகம் இருந்தது. காலையில் போட்டால் பையன் மத்தியானம் வரை தூங்குகிறான், நூறு நாள் வேலைக்குப் போகமுடியவில்லை என்றாள் தாய். பணியாளர் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். மாத்திரை ராத்திரிக்கு மாறியது.

நிதி கேட்கும் படிவங்களில் இப்படிப்பட்ட வேலையை எழுத ஒரு கட்டம் கிடையாது. பயனாளிகள் எத்தனை பேர், முகாம்கள் எத்தனை, படங்கள் எங்கே என்றுதான் கேட்பார்கள். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் பணம். ஆளைத் தேடி, பயிற்சி கொடுத்து, அவரை நம்பி வீடுகள் கதவைத் திறப்பதற்குள் வருஷம் முடிந்துவிடுகிறது. நிதி நின்ற பிறகும் சம்பளமில்லாமல் வீடு வீடாகப் போகும் பெண்களைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்திருக்கிறது. அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரியவேண்டும்.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020இல் திருத்திய பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தைப் பெரிய அமைப்புகள் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. இத்தகைய பெண்களை அமர்த்தும் சின்ன அமைப்புகளுக்கு உங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களின் பணம் முன்னைவிட அவசியம்.

பக்கத்தில் ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் வைத்தியமும் இல்லாமல், துணைக்கு ஆளும் இல்லாமல் களைத்துப்போனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

நீங்கள் கூடி முடிவெடுப்பதற்கு முன்னால், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். நீங்கள் அமர்த்தும் பெண்ணுக்குப் பயிற்சி கிடைக்குமா என்று அவரையே கேளுங்கள். சம்பளத்தோடு பஸ் காசு, போன் செலவு இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நோயாளிகளின் படத்தை உங்கள் ஆண்டு மலரில் போடவேண்டாம், கணக்குக் காட்டுவதற்காகவும் அதைக் கேட்கவேண்டாம். எத்தனை வீட்டில் மருந்து நிற்காமல் போகிறது என்று மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். முடிவானதும் எழுதுங்கள். அந்த மூன்று மாத அறிக்கைக்கு ஒரு பக்கத்தில் மாதிரி எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்