செங்கற்சுவரில் ஈரம்: காரணமும் அளவீடும்

செங்கல் பார்வைக்குத் திண்மையான பொருளாயினும், உண்மையில் எண்ணிறந்த நுண்துளைகள் நிறைந்தது. இந்தியத் தர விதி 1077இன்படி, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறிய சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்திற்கு மேல் நீரை உறிஞ்சலாகாது. உயர்ந்த வகைகளுக்கு இவ்வரம்பு 15 சதவீதம். 3 கிலோ எடையுள்ள செங்கல் 20 சதவீதம் உறிஞ்சினால், அதில் 600 கிராம் நீர் தங்கும். ஆயிரம் செங்கற்கள் கொண்ட சுவர் 600 லிட்டர் நீரைத் தாங்கி நிற்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

கேரளத்தின் கிழக்கெல்லையில், தமிழ் மக்கள் மிகுதியாக வாழும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியும், இடுக்கியின் பீர்மேடு, தேவிகுளம் பகுதிகளும் இதனை ஆராய்வதற்கு ஏற்ற இடங்களாகும். 2018ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 22 வரை இடுக்கி மாவட்டத்தில் ஏறக்குறைய 3,550 மில்லிமீட்டரும், பாலக்காட்டில் ஏறக்குறைய 2,280 மில்லிமீட்டரும் மழை பெய்தது. வெள்ளம் வடிந்தபின் பல வீட்டாருக்கு எழுந்த கேள்வி ஒன்றே: சுவர் உலர்ந்துவிட்டதா, மீண்டும் பூசலாமா?

ஈரம் வரும் வழிகள்

முதலாவது, தரையிலிருந்து மேலேறும் ஈரம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செங்கல்லின் நுண்புழைகள் நிலத்து நீரை மேலிழுக்கின்றன. துளை எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு உயரம் நீர் ஏறும். நூறில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள புழையில் நீர் கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஏறும். சுவரின் முகத்தில் ஆவியாதல் நிகழ்வதால், உண்மையில் அது பெரும்பாலும் அதற்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, காற்றுடன் சாய்ந்து வீசும் மழை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசுவதால், அக்காலத்தில் மேற்குச் சுவரே மிகுதியாக நனைகிறது. இறவாரம் குறுகிய வீடுகளில் இத்தீங்கு பெருகும்.

மூன்றாவது, வீட்டிற்குள்ளேயே உண்டாகும் ஆவி. மலைத்தோட்ட லயங்களில் அடுப்பின் நீராவி குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளிகளாகப் படிகிறது. அங்கே வெளியிலிருந்து நீர் புகாமலே சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

வறண்ட காற்றின் விளைவு

சித்தூர்ப் பகுதியில் மழை நின்றபின், கிழக்கிலிருந்து கணவாய் வழியே வறண்ட காற்று வீசுகிறது. இது நன்மையே எனினும், ஒரு கேடும் உண்டு. நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்புகள் பின்தங்கிப் படிகமாகின்றன. சுவரின் முகத்தில் படிந்தால் வெண்மையாகப் பூக்கும். துளைகளுக்குள்ளே படிந்தால் பருத்து, செங்கல்லின் முகத்தையே பொரித்து உதிர்க்கும். ஆகவே மழைக்காலத்தில் நலமாகத் தோன்றிய சுவர் கோடையில் உதிர்வதைக் கண்டு வியக்க வேண்டுவதில்லை.

ஈரத்தை அளத்தல்

இரண்டு ஊசிகளைச் சுவரில் பதித்துப் பார்க்கும் மின்கருவி, பொருளின் மின்தடையைக் கொண்டு ஈரத்தை மதிப்பிடுகிறது. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் மரத்திற்கென அளவுகுறிக்கப்பட்டவை. சுவரில் உப்பு இருப்பின் சிறிதளவு ஈரத்தையும் மிகையாகக் காட்டும். எனவே அதன் எண்ணைச் சதவீதமாகக் கொள்ளலாகாது. சுவரின் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிட மட்டுமே அது பயன்படும்.

நம்பத்தகுந்த முறை எடைமுறையாகும். சுவரை மெதுவாகத் துளையிட்டு, உட்புறத் தூளை எடுத்து உடனே மூடிய புட்டியிலிட்டு நிறுக்க வேண்டும். பின்னர் 105 பாகை வெப்பத்தில் எடை மாறாத வரை உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 54 கிராம் தூள் 50 கிராமாகக் குறைந்தால், 4 கிராம் நீர் 50 கிராம் உலர்தூளுக்கு 8 சதவீதம் ஆகும்.

தரையிலிருந்து 15 சென்டிமீட்டர், அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரங்களில் இவ்வாறு சோதித்தால் காரணம் புலப்படும். உயரம் ஏற ஏற ஈரம் குறைந்தால் அது நிலத்து நீர். மழை படும் முகத்தில் மட்டும் திட்டுத்திட்டாக இருந்தால் அது சாரல். மேற்பரப்பு நனைந்து உட்புறம் உலர்ந்திருந்தால் அது படிந்த ஆவியே.

பரிகாரம்

காரணம் அறியாமல் சிமெண்டுப் பூச்சிடுவது பெருந்தவறு. அது ஈரத்தை உள்ளே அடைத்து, மேலும் உயரத்திற்கு ஏறச் செய்யும், செலவும் வீணாகும். சுண்ணாம்புச் சாந்து நீராவியை எளிதில் வெளிவிடுவதால் பழைய சுவர்களுக்கு ஏற்றது. நிலத்து நீருக்கு, வெளித்தரையைத் தாழ்த்தி வடிகால் அமைத்தலும், புது வீடாயின் அடித்தளத்தின் மேல் ஈரத்தடுப்புப் படலம் இடுதலும் வேண்டும். சாரலுக்கு இறவாரத்தை நீட்டிச் செங்கல் இடைச்சாந்தைச் செப்பனிட வேண்டும். ஆவிக்குப் புகைபோக்கியும் சாளரமுமே மருந்து.

1960களில் இடுக்கி மலையிலுள்ள வாகமண்ணில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், செங்கற்கள் விளிம்பில் நிறுத்தப்பட்டு நடுவே காற்றறை விடப்படுகிறது. இதனால் நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். காற்றறை வெப்பத்தையும் ஓரளவு தடுக்கும். எனினும் குறுக்கே இணைக்கும் செங்கற்கள் வழியாக ஈரம் கடக்கக்கூடுமாதலால், அதற்கும் அகன்ற இறவாரம் இன்றியமையாதது.

நனைந்த சுவர் விரைவில் உலர்வதன்று. தடித்த சுவருக்குப் பல மாதங்கள் தேவைப்படும். சில வாரங்கள் இடைவிட்டு எடுத்த இரு அளவுகளும் ஒத்திருந்து, அவை அதே வீட்டின் நனையாத சுவரின் அளவை நெருங்கும்போது பூச்சு வேலையைத் தொடங்குதல் நலம்.