நீலாம்பூரில் பஸ்ஸும் மெட்ரோவும் சேருமா?

கேள்வி: நான் அவிநாசியிலிருந்து பீளமேட்டுக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். அவ்வப்போது அம்மாவையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. அவருக்கு மூட்டுவலி. அவிநாசி ரோட்டில் மெட்ரோ வந்தால் நிலையமெல்லாம் உயரத்தில்தான் இருக்குமாம். மேம்பாலம் வேறு கட்டிவிட்டார்கள். நிலையத்துக்கு இடம் எங்கே? சென்னையில் பறக்கும் ரயில் நிலையங்கள் ஆளரவமில்லாமல் இருண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் அப்படி ஆகிவிடுமா? அவிநாசிக்காரர்களுக்கு இதனால் பயன் உண்டா?

— வாசகி, அவிநாசி

பதில்: பயன் உண்டுங்க. ஆனால் அது ரயிலின் வேகத்தைவிட, நிலையத்துக்குள் நீங்களும் அம்மாவும் எப்படிப் போய்ச் சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் தயாரித்த அறிக்கையில் கோவைக்கு இரண்டு வழித்தடங்கள்: மொத்தம் 34.8 கிலோமீட்டர், 32 நிலையங்கள், மதிப்பீடு 10,740 கோடி ரூபாய். ஒன்று உக்கடத்திலிருந்து அவிநாசி ரோடு வழியாக நீலாம்பூர் வரை. மற்றது கோவை ஜங்ஷனிலிருந்து சத்தி ரோட்டில் வலியாம்பாளையம் பிரிவு வரை. 2025 நவம்பரில் மத்திய அரசு அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கை சொல்லும் 20 லட்சம் மக்கள்தொகையை 2011 கணக்கெடுப்பின்படி கோவை எட்டவில்லை என்ற காரணம் ஊரெல்லாம் பேசப்பட்டது. நிலையம் அமைக்கச் சில இடங்களில் சாலை அகலம் போதாது என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. உங்கள் கேள்வியின் மையம் இதுதான்.

உயர்த்தப்பட்ட நிலையம் பொதுவாக மூன்று அடுக்கு. கீழே சாலை. லாரியும் பஸ்ஸும் போக ஐந்தரை மீட்டர் விட்டு, அதற்கு மேல் டிக்கெட், சோதனை, தானியங்கிக் கதவுகள் உள்ள தளம். அதற்கும் மேலே தண்டவாளமும் நடைமேடையும். நடைமேடை சாலையிலிருந்து ஏறத்தாழ 12, 13 மீட்டர் உயரத்தில் வரும். அதாவது நான்கு மாடி, 80 படிக்கு மேல். சாலை நடுவே ஒற்றைத் தூண் வரிசை எழுப்பி, இருபுறமும் கைபோல் நீளும் விட்டங்களில் நிலையத்தைத் தாங்க வைப்பது வழக்கம். வாகனங்களுக்கு அதிக இடைஞ்சல் இருக்காது.

அவிநாசி ரோட்டில் அந்த நடுப்பகுதியை, கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் எடுத்துக்கொண்டது. 2025 அக்டோபர் 9 அன்று அது திறக்கப்பட்டது. நாக்பூர் வார்தா ரோட்டில் ஒரே தூணில் முதல் அடுக்கில் மேம்பாலம், அதன்மேல் மெட்ரோ என்று 3.14 கிலோமீட்டருக்குக் கட்டியிருக்கிறார்கள்; கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றது. இங்கேயும் அப்படிக் கட்டுவதென்றால், தூண் போடும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இங்கே இனி மெட்ரோ சாலையோரமாகத்தான் வர முடியும், அல்லது மேம்பாலத்தையும் தாண்டி இன்னும் உயரே போக வேண்டும்.

சாலையோரம் வந்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. நடுவில் நிலையம் இருந்தால் இரண்டு பக்கமும் வாசல் வைத்து, டிக்கெட் எடுக்காதவர்களும் சாலையைக் கடக்கும் பாலமாக அதைப் பயன்படுத்தலாம். ஓரத்தில் நின்றால் எதிர்ப்பக்கத்து ஆட்கள் எப்படி வருவார்கள்? மேம்பாலத் தளத்துக்குக் கீழே நடைபாலம் நுழைய உயரம் கிடைப்பது கடினம். இறங்குதளங்கள் உள்ள நவஇந்தியா, ஹோப் காலேஜ் போன்ற இடங்களில் இன்னும் கடினம். சுரங்கப்பாதை போடலாம், ஆனால் மழை நாளில் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்த ஊர் இது. வடிகாலும் வெளிச்சமும் சரியாக இல்லாத சுரங்கப்பாதையில் இரவு வேலை முடித்து வரும் பெண்கள் இறங்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் எதிர்ப்பக்க வாசல் எங்கே என்பதை வரைபடத்திலேயே காட்டச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு வருவோம். நகரும் படிக்கட்டு இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மூட்டுவலிக்காரருக்கு அதில் கால் வைப்பதே பயம். அவருக்கு வேண்டியது லிஃப்ட். அதுவும் பஸ் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், நடைபாதை மட்டத்திலிருந்தே தொடங்கி, டிக்கெட் தளத்துக்கும் நடைமேடைக்கும் போக வேண்டும். இரண்டு படி ஏறித்தான் லிஃப்டைத் தொட முடியும் என்றால் சக்கர நாற்காலிக்காரருக்கு அது இருந்தும் பயனில்லை. படிக்கட்டின் அகலத்தையும் குறைக்கக் கூடாது. ஆபத்து வந்தால் 4 நிமிடத்தில் நடைமேடை காலியாக வேண்டும், 6 நிமிடத்தில் எல்லோரும் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் மெட்ரோ வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் கணக்கு.

பறக்கும் ரயிலைப் பற்றி நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1990களில் கட்டப்பட்ட திருமயிலை போன்ற நிலையங்கள் பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டடங்கள். உள்ளே கடைகள் நிரம்பும் என்று எதிர்பார்த்துப் பெரிதாகக் கட்டினார்கள், கடைகள் நிரம்பவில்லை. பஸ்ஸோடு இணைப்பும் சரியாக அமையவில்லை. ஆள் நடமாட்டம் குறைந்தது, வெளிச்சம் குறைந்தது, பயம் கூடியது. தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டுவது நிலையத்தின் பெருமை ஆகாது. கோவைக்குச் சிறிய, நாலாபுறமும் திறந்த, சாலையிலிருந்து பார்த்தாலே உள்ளே ஆள் தெரிகிற நிலையம் போதும்.

திறந்த நிலையத்துக்கு இங்கே இயற்கையே துணை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று பெரும்பாலும் அவிநாசி ரோட்டின் போக்கிலேயே வீசுகிறது. இரண்டு முனையையும் அடைக்காமல் விட்டால் நடைமேடைக்குக் குளிர்சாதனம் தேவைப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் மழைச் சாரல்தான் உள்ளே அடிக்கும். அதற்குக் கூரையை முனைகளில் நீட்டித் தாழ்த்த வேண்டும். தெற்குப் பக்கம் வெயில் மறைப்பும் வேண்டும்.

இனி அவிநாசிக்காரர்களின் பங்கு. ரயில் நீலாம்பூரோடு நின்றுவிடும். கருமத்தம்பட்டி, தெக்கலூர், அவிநாசி மக்கள் எல்லோரும் பஸ்ஸில் வந்து அங்கே மாற வேண்டும். கொச்சியில் வைற்றிலாவைப் பாருங்கள். பஸ் நிலையம் ஏற்கனவே இருந்தது. 2019இல் மெட்ரோ வந்தது. 2023இல் வாட்டர் மெட்ரோ படகும் சேர்ந்தது. மூன்றும் ஒரே இடத்தில். நீலாம்பூருக்கும் இதுதான் வேண்டும். அங்கே புறவழிச்சாலையில் லாரிகள் பறக்கின்றன. பஸ்ஸை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, பயணிகளைச் சாலை கடந்து போகச் சொன்னால் உயிருக்கே ஆபத்து. மெட்ரோ நிலையத்தின் உள்ளேயே, லிஃப்டுக்கு எதிரே பஸ் வந்து நிற்க வேண்டும்.

அறிக்கை திருத்தப்படும்போதுதான் இதைக் கேட்க முடியும். தூண் எழுந்த பிறகு வாசலை நகர்த்த முடியாது. உங்கள் பேரூராட்சியோ நகராட்சியோ, மக்கள் பிரதிநிதிகளோ இந்தக் கோரிக்கையை எழுத்தில் அனுப்பச் செய்யுங்கள்: நீலாம்பூரில் நிலையத்துக்குள் பஸ் வருகிற ஏற்பாடு, ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு பக்க வாசல், நடைபாதையிலிருந்தே லிஃப்ட். அவ்வப்போது இந்த ரோட்டில் அம்மாவை அழைத்துப் போகிற உங்களைப் போன்றவர்கள் சொன்னால்தான், வரைபடம் போடுகிறவருக்கு எந்த வாசல் யாருக்குத் தேவை என்று தெரியும்.